கலவையைக் கெடுக்கும் தூய்மைக்காரர்

'கலப்பு' என்ற சொல்லைத் தமிழில் நாங்கள் நல்ல நோக்கத்தோடு பாவிக்கிறது குறைவு. பாலில் தண்ணி விட்டால் கலப்படம், சாதி மாறிக் கட்டினால் கலப்பு. இரண்டையும் ஒரே முகச்சுளிப்போடு சொல்லப் பழகிவிட்டோம். வைன் உலகத்திலும் இதே நோய் இருக்கு. ஒற்றைத் திராட்சை, ஒற்றைத் தோட்டம், ஒற்றைப் பீப்பாய் என்றால் உயர்ந்தது. பலதைச் சேர்த்தது என்றால் ஏதோ குறையை மறைக்கச் செய்த வேலை. இந்தப் புளுகுக்கு எதிராக நிறுத்த எங்களிடம் ஒரு சாட்சி உண்டு: ஷாத்தோநேஃப் து பாப்.

பிரான்சின் தென்கிழக்கில், ரோன் ஆற்றின் இடது கரையில், அவினியோன் நகருக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற ஒரு சின்ன ஊரின் சிவப்பு வைன் இது. குடியுங்கோ என்று எழுதுகிற கட்டுரை இல்லை இது, பயப்பட வேண்டாம். குடிக்காதவரும் கோபப்படக் கூடிய விசயம் இதற்குள் இருக்கிறது.

இந்த வைனுக்கு 13 வகைத் திராட்சையை எடுக்கலாம் என்கிறது சட்டம். ஒன்றையே நிறவாரியாக வேறாக எண்ணினால் 18. அதில் வெள்ளைத் திராட்சைகளும் அடக்கம். சிவப்பு வைனுக்குள் வெள்ளைத் திராட்சை போகலாம்! எதை எத்தனை வீதம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அது தோட்டக்காரர் கையில்.

நடுநாயகம் கிரனாஷ். வெயிலில் நன்றாகப் பழுத்துச் சீனி ஏறும், அதனால் மதுசாரமும் ஏறும். பழுத்த ஸ்ட்ரோபெரி வாசம், நாக்கில் ஒரு கதகதப்பு. ஆனால் நிறம் ஐதானது, காற்றுப் பட்டால் கெதியில் களைத்துப் போகும். அங்கேதான் மூர்வேத்ர் வந்து நிற்கும். பிந்திப் பழுக்கிற, கறுத்த, துவர்ப்புள்ள பழம். தோல், இறைச்சி மாதிரி ஒரு முரட்டு வாசம் அதற்கு. காற்றைத் தாங்கிப் பல வருசம் கிடக்கிற உறுதியும் உண்டு. சிரா நிறத்தையும் மிளகுக் காரத்தையும் கொண்டு வரும். சான்சோ பாரத்தைக் குறைக்கும். கூனுவாஸ் என்று ஒன்று, வெளியில் அதிகம் பேர் கேள்விப்படாதது, புளிப்பும் துடிப்பும் தரும். இவ்வளவும் சேர்ந்த பிறகு கோப்பையில் எழும்புகிற வாசத்துக்கு அந்தப் பக்கத்து ஆக்கள் 'கரீக்' என்று பெயர் சொல்வார்கள். தைம், ரோஸ்மேரி, லாவண்டர் எல்லாம் காய்ந்து கிடக்கிற பற்றைக்காட்டின் பெயர் அது. எந்த ஒரு திராட்சைக்கும் தனியே சொந்தமில்லாத வாசம்.

இதற்குப் பின்னால் சாப்பாட்டுச் சுவை மட்டுமில்லை, கமக்காரரின் பயமும் இருக்கிறது. பூக்கிற நேரம் குளிரும் மழையும் வந்தால் கிரனாஷின் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டும். சூடு காணாத வருசத்தில் மூர்வேத்ர் பழுக்காது. ஒன்றை மட்டும் நட்டவர் ஒரு கெட்ட வசந்தத்தோடு கடனாளி. பலதை நட்டவருக்கு ஏதாவது மிஞ்சும். வறுமைக்கு எதிரான ஏற்பாடாக இருந்தது பிறகு ருசியானது. இந்த உண்மையைச் சொன்னால் விலை குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களோ தெரியாது, விளம்பரத்தில் வருகிறதெல்லாம் பாப்பரசர்தான்.

அந்தப் பாப்பரசர் கதையையும் ஒருக்கால் பார்ப்போம். 1309 முதல் 1377 வரை பாப்பரசர்கள் அவினியோனில் இருந்தார்கள். 22ஆம் யோவான் இந்த ஊரில் கோட்டை கட்டினார். சரி. ஆனால் பாப்பரசர் மாளிகையின் மேசைக்குத் தூரத்துப் பர்கண்டியின் வைனும் வந்தது. ஊரின் பழைய பெயரோ ஷாத்தோநேஃப் கால்செர்னியே, அதாவது சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தை நினைவூட்டும் பெயர். 1893இல்தான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாப்பரசரின் பெயரை உத்தியோகபூர்வமாக மாட்டினார்கள். கல்லு வெட்டினவன் போனான், முடி வந்தது. போத்தில் கண்ணாடியிலேயே புடைப்பாகப் பாப்பரசரின் முடியும் சாவிகளும். (இதே ஊர் 1954இல் பறக்கும் தட்டுகள் தன் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று கட்டளை போட்டது. விளம்பரத்தில் இவர்களை வெல்ல ஏலாது.)

உண்மையில் இந்த வைனைச் செய்தது ஒரு பூச்சியும் ஒரு சண்டையும். 1860களில் அமெரிக்காவில் இருந்து வந்த ஃபிலோக்செரா என்ற வேர்ப்பேன் இந்தப் பகுதிக் கொடிகளை அழித்தது. திரும்ப நட்டபோது லா நெர்த் தோட்டத்தின் தூக்கோ என்பவர் எந்தத் திராட்சை எதற்கு என்று கணக்குப் போட்டார். கதகதப்புக்குக் கிரனாஷும் சான்சோவும் 20 வீதம். உறுதிக்கும் நிறத்துக்கும் மூர்வேத்ர், சிரா கூட்டம் 40. புத்துணர்ச்சிக்குக் கூனுவாஸ், பிக்பூல் 30. நளினத்துக்கு வெள்ளைத் திராட்சைகள் 10. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

சண்டை அடுத்தது. பூச்சியால் வைன் தட்டுப்பட, பிரான்ஸ் முழுக்கச் சீனித்தண்ணியிலும் உலர்ந்த திராட்சையிலும் போலி வைன் ஓடியது. 1907இல் தெற்கில் திராட்சைக் கமக்காரர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போன் நகரில் அரசாங்கம் சுட்டது. 17ஆவது படையணிச் சிப்பாய்கள் சனத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதோடு, ரோன் கரை வைன் பீப்பாயாகப் பர்கண்டிக்குப் போய், அங்கத்தைய மெலிந்த வைனுக்குப் பலமேற்ற இரகசியமாக ஊற்றப்பட்டது. அதற்கு 'மருந்து வைன்' என்றே பெயர். இண்டைக்குத் தூய்மையின் கோயிலாகக் கும்பிடப்படுகிற பர்கண்டி அது!

ஆக, கலப்படம் எது, கலவை எது என்று முதலில் பிரித்தவர்கள் ஷாத்தோநேஃப் தோட்டக்காரர்கள். 1923இல் லெ ருவா என்ற சட்டத்தரணியின் தலைமையில் அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். லாவண்டரும் தைமும் வளர்கிற வறண்ட நிலம்தான் ஏற்றது, இன்ன இன்ன திராட்சைதான், 12.5 வீதத்துக்குக் குறையாத மதுசாரம், பழுதானதைப் பொறுக்கி எறிய வேண்டும். 1936இல் அது நாட்டுச் சட்டமாகியது. இன்றும் பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும், மெசின் இறங்க ஏலாது. விளைச்சல் ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் அளவுதான். ஒளித்துக் கலந்தால் கலப்படம், எதைக் கலக்கிறோம் என்று எழுதிவைத்து அதற்குக் கட்டுப்பட்டுக் கலந்தால் கலவை. பிரான்சின் மற்ற வைன் ஊர்களின் சட்டங்கள் இந்த ஊரைப் பார்த்துத்தான் எழுதப்பட்டன.

இதைத்தான் இப்ப கெடுக்கிறார்கள்.

1978இல் அமெரிக்கச் சட்டத்தரணி ரொபர்ட் பார்க்கர் ஒரு வைன் இதழ் தொடங்கினார். 100க்கு எத்தனை புள்ளி என்று பள்ளிக்கூட வாத்தியார் போலப் போடுவார். ஷாத்தோநேஃபில் அவருக்கு மோகம். கிழட்டுக் கிரனாஷ் கொடிகளின் பழத்தை மட்டும் எடுத்துச் செய்த தடித்த, இனித்த 'விசேட' வைன்களுக்குப் புள்ளி கொட்டியது. 1990களுக்குப் பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு விசேடப் போத்தில். விலை மூன்று மடங்கு, நாலு மடங்கு. அதுக்கென்ன, விக்கிறவன் விக்கட்டும் என்று கேட்கலாம். நிறைய இருக்கு. விசேடப் போத்திலுக்குப் போன பழம் வானத்தில் இருந்து விழவில்லை, சாதாரணப் போத்திலின் முதுகெலும்பாக இருந்த பழம் அது. நல்லதை உருவி எடுத்துப் பணக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அதே பெயரில் மற்றவருக்கு விற்கிறார்கள். தூக்கோவின் கணக்கில் கிரனாஷ் சான்சோவோடு சேர்ந்தே 20 வீதம். இன்று ஊரின் நிலத்தில் முக்கால்வாசிக்குக் கிட்டக் கிரனாஷ் மட்டும். பெருமைக்குச் சொல்கிற 13இல் பாதி, சுற்றுலாக்காரருக்குக் காட்டுகிற வரிசையில்தான் இருக்கு.

எதிர்த்தரப்பின் பலமான சாட்சி ரயாஸ். முழுக்கக் கிரனாஷ், அபூர்வமான வைன், விலை பல நூறு யூரோ. அதன் உயர்வை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ரயாஸின் நிலம் மணல், சுற்றிவரக் காடு, குளிர்ச்சி. ஊரின் அடையாளமாகப் படம் பிடிக்கப்படுகிற உருண்டைக் கல்லு அங்கே இல்லை. அந்தச் சூழலுக்குப் பொருந்தின விதிவிலக்கை வெயில் கொளுத்துகிற கல்மேட்டில் வைத்துப் பார்த்தால் வருகிறது 15 வீத மதுசாரமுள்ள ஜாம். மறுபக்கம் போகாஸ்தெல் இருக்கு: 13 வகையையும் நட்டு, ஒவ்வொன்றையும் வேறாகப் புளிக்கவைத்து, பிறகு சேர்க்கிற வீடு. (அவர்களும் 1989இல் இருந்து விசேடப் போத்தில் ஒன்று விக்கிறார்கள், அந்தக் கையும் சுத்தமில்லை.) குளோ தே பாப் தோட்டம் பிடிவாதமாக நிற்கிறது. ஒரே ஒரு சிவப்பு, எல்லாப் பழமும் அதற்குள். மலிவு என்று சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் ஏமாற்றப்படுவதில்லை.

இலங்கையில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன என்று கேட்டால், பாரிஸ் உணவகங்களின் பின்பக்கத்தில் இந்தக் கோப்பைகளைக் கழுவுகிறவர்களில் எங்கட பொடியள் கனபேர். முன்பக்கத்தில் 'தூய்மை', 'பரம்பரை' என்று கதை அளக்கப்படுகிறபோது, அந்தச் சொற்கள் எங்கே இருந்து வருகின்றன, யாரை வெளியே நிறுத்தப் பாவிக்கப்படுகின்றன என்று எங்களுக்கு வடிவாய்த் தெரியும்.

இப்போது காலநிலையே கமக்காரர் பக்கம் கதைக்கத் தொடங்கியிருக்கு. வெப்பம் கூடக் கூடக் கிரனாஷின் சீனி எகிறுகிறது, மதுசாரம் 15ஐத் தாண்டுகிறது. 2018 வசந்த மழையில் பூஞ்சண நோய் வந்தபோது மோசமாக அடிபட்டதும் கிரனாஷ்தான், கனபேருக்குப் பாதி விளைச்சல்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு சில தோட்டங்களில், மூலையில் கிடந்த கூனுவாஸையும் சான்சோவையும் வெள்ளைத் திராட்சைகளையும் திரும்ப நடுகிறார்கள். புதுக்கொடி நல்ல பழம் தரப் பத்து வருசத்துக்கு மேல் செல்லும்.