மண்ணையும் அறிந்த விமானி வேண்டும்

சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடக் கரையை அடுத்த வயல்வெளியில், ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் கால் வைத்தவர்களுக்கும், அதே நாளில் கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் செம்மண் மேட்டில் நடந்தவர்களுக்கும், ஒரே மாவட்டத்து மண் எத்தனை மாறுபட்ட சுபாவங்களை உடையது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முன்னது கணுக்காலைப் பற்றி இழுக்கும். பின்னது நீரை விரைவில் வடித்துவிட்டுப் பாதத்திற்கு உறுதி தரும். உழவர் யாவரும் அறிந்த இந்த வேறுபாட்டை, ஆகாய விமானம் ஓட்டக் கற்கும் நம் இளைஞர்கள் ஒரு முறையேனும் பிரத்தியட்சமாக அறிந்த பிறகே உரிமம் பெறவேண்டும் என்பது என் கட்சி. வணிக விமானி உரிமத்திற்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அத்தனை மணி நேரத்தில், தாரும் கான்கிரீட்டும் இல்லாத வெறுந்தரையில் சக்கரம் உருண்ட அனுபவம் நம் மாணாக்கரில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? மிகச் சிலருக்கே வாய்க்கிறது என்று அஞ்சுகிறேன்.

மென்தரையிலிருந்து விமானத்தைக் கிளப்புவது தனியொரு வித்தை. சேற்றில் பாரம் இழுக்கும் வண்டிக்காரன் மாடுகளை நடுவில் நிற்கவிடமாட்டான். நின்றால் சக்கரம் புதையும் என்பது அவனுக்குத் தெரியும். விமானியும் அவ்வாறே, ஓடுபாதையின் முனையில் நின்று நிதானிக்காமல், பிரேக்கைத் தொடாமல், உருண்டு வந்த வேகத்தோடேயே திரும்பி, எஞ்சினின் சக்தியைப் படிப்படியாக முழு அளவிற்கு உயர்த்துகிறான். கட்டுப்பாட்டுக் கோலை முற்றிலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருப்பதால், பாரம் தாங்க மாட்டாத முன்சக்கரம் முதலில் மண்ணை விட்டு எழுகிறது. வேகம் கூடக் கூட விமானத்தின் எடை சக்கரங்களிலிருந்து சிறிது சிறிதாக இறக்கைகளுக்கு மாறுகிறது. வால் தரையில் இடிக்காதபடி கோலைச் சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டிய கணமும் அதுவே. பிறகு, வழக்கமான வேகம் வருமுன்னரே விமானம் தரையை விட்டுவிடுகிறது.

அபாயம் இருப்பது அங்கேதான். தரைக்கு மிக அருகே, இறக்கையின் முழு நீளத்திற்கும் குறைந்த உயரத்தில், காற்றின் இழுப்பு குறைந்திருப்பதால் விமானம் மெல்லிய வேகத்திலும் மிதக்கிறது. அந்த அனுகூலத்தை நிரந்தரம் என்று நம்பி உடனே மேலேற முயலும் மாணாக்கன், சில அடி ஏறியதும் தாங்குவாரின்றி மீண்டும் சேற்றிலேயே வந்து விழுவான். மூக்கைத் தாழ்த்தி, தரையை உரசாமலும் விட்டு விலகாமலும் பறந்து, போதிய வேகம் சேர்ந்த பின்னரே ஏறவேண்டும். கிளம்பிய கணத்திலேயே ஏறிவிடத் துடிக்கும் இளம் மனத்தை அடக்கக் கற்பிக்கும் பாடம் விமானக் கல்வியில் இதைப்போல வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

இந்த அப்பியாசத்தைச் சிமெண்ட் பாதையிலேயே, மென்தரை என்று பாவித்துக்கொண்டு செய்துவிடலாம் என்போர் உண்டு. கையசைவுகளை அப்படிக் கற்கலாம். தரையைப் படிக்கும் விவேகத்தைக் கற்க முடியாது. பயிற்சி விமானமாகிய செஸ்னா 172-இன் கையேடு, உலர்ந்த புல்தரையில் தரையோட்டத்தின் அளவில் 15 விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. பிரிட்டனின் விமானத்துறையோ பொதுவாக உலர்ந்த புல்லுக்கு 20 விழுக்காடும், ஈரப் புல்லுக்கு 30 விழுக்காடும் கூட்டச் சொல்கிறது. இளகிய தரைக்கு 25 விழுக்காடும் அதற்கு மேலும் என்று கூறி, மேல் எல்லையைச் சொல்லாமலே விடுகிறது. எவ்வளவு மேல் என்பதை ஏட்டில் எழுதிவிட முடியாது. ஆசிரியரும் மாணாக்கனும் ஓடுபாதை நெடுகிலும் நடந்து, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்து, புல்லின் உயரத்தையும் நீர் தேங்கிய பள்ளத்தையும் புரொப்பெல்லரைச் சிதைக்கவல்ல கூழாங்கற்களையும் கண்ணால் கண்டு தீர்மானிக்க வேண்டும். பாதையின் பாதியைக் கடக்கும்போது கிளம்பும் வேகத்தில் 70 விழுக்காடு வந்திராவிட்டால் முயற்சியைக் கைவிட்டு நின்றுவிடுக என்பது விமானிகளிடையே வழங்கும் நியதி. அதைக் கடைப்பிடிக்கும் துணிவும், இன்று இந்த மண்ணிலிருந்து பறப்பதில்லை என்று சொல்லித் திரும்பிவிடும் மனோதிடமும், மெய்யான மண்ணின் எதிரில் நின்றால்தான் பழகும்.

நம் தேசத்து விமான சரித்திரமே மண்ணிலிருந்து எழுந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் கொண்டுவந்து இறங்கிய ஜுஹு, மழைக்காலத்தில் பயன்படாத சேற்றுநிலம்; ஆதலால் மழை மாதங்களில் அந்தச் சேவை பூனாவிற்கு மாற வேண்டியதாயிற்று. ஜுஹுவிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1947 டிசம்பரில் முற்றுகையிடப்பட்ட பூஞ்ச் நகரில், அவசரமாகச் சமன்செய்த மண்தரையில் டகோட்டா விமானத்தை இறக்கியவரும், 1948 மே 24 அன்று லே நகரின் மணற்பாங்கான புதிய ஓடுபாதையில் ஜெனரல் திம்மய்யாவுடன் இறங்கியவரும் மெஹர் சிங் என்ற ஒரே விமானியே. 2008-இல் தௌலத் பேக் ஓல்டியின் கரடுமுரடான தரையில் நம் விமானப்படையின் ஏ.என்.-32 இறங்கியதும் இந்தப் பரம்பரையின் தொடர்ச்சிதான்.

இனி எல்லா விமான நிலையங்களிலும் உறுதியான பாதை இருக்கையில் இந்த சிரமம் எதற்கு என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே நாட்கணக்கில் மூடப்பட்டு, அரக்கோணத்துக் கடற்படைத் தளத்தில் பயணிகள் விமானங்கள் இறங்க நேர்ந்ததை நாம் கண்டோம். அன்று அங்கே நல்ல பாதை இருந்தது என்பது உண்மையே. ஆனால் ஒற்றை எஞ்சின் நின்றுபோன சிறு விமானத்தில் தனித்துப் பறக்கும் மாணாக்கனுக்குக் கீழே கிடைப்பது வயலும் தரிசுமே ஆகும். அந்த மண் தாங்குமா தாங்காதா என்பதை மேலிருந்து ஊகிக்கும் கண், மண்ணோடு பழகியவனுக்கே இருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் இதற்குத் தக்க இடமும் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் விமானத்தளம் இருக்கிறது. ஒரு காலத்தில் வாயுதூத் விமானங்கள் வந்துபோன தளம் அது. பயணிகள் சேவை மீண்டும் எப்போது வரும் என்பது வேறு விவாதம். பழைய தென்னார்க்காட்டின் உளுந்தூர்ப்பேட்டையிலோ இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. இவ்விரண்டில் ஒன்றையேனும் பயிற்சிக்குத் திறந்து, உறுதியான பாதைக்குப் பக்கத்தில் புல்லும் மண்ணுமான பாதை ஒன்றைச் சமன்செய்து, கல் பொறுக்கி, வடிகால் வெட்டிப் பராமரிக்குமாறு நிலக்கரி நிறுவனத்தையும் தமிழக அரசையும் கேட்டுக்கொள்கிறேன். புதிய பாதை போடுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது. மாணாக்கரைக் கோடையில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் அங்கே அழைத்துச் சென்று பறக்க வைக்கும் பொறுப்பைப் பயிற்சிப் பள்ளிகள் ஏற்கட்டும்.