ஏரிக்கரைச் சாலையும் சைக்கிளும்

புதுவை நேரு வீதியில் மாலை வேளையில் சைக்கிள் விடுவது இன்பமன்று. பொறுமைக்கு ஒரு சோதனையேயாகும். வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரிப் பக்கமோ, நகருக்குத் தெற்கே பாகூர் ஏரிப் பக்கமோ திரும்பிவிட்டால் நிலைமை வேறு. வயற்காற்று முகத்தில் படுகின்றது. மணியடிக்கும் அவசியமே அரிதாகின்றது. 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற ஊசுட்டேரியில், குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைகளைக் கரையிலிருந்தே காணலாம். நாள் முழுதும் குழித்தறியில் குனிந்திருக்கும் நெசவாளர் முதுகு நிமிர்ந்து காற்று வாங்க இதனினும் எளிய வழி யாதுளது?

ஐக்கிய நாடுகள் சபை 2018-இல் ஜூன் 3-ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. நாள் கொண்டாடினால் மட்டும் போதாது. செல்வதற்கு வழியும் வேண்டும். தார்ச்சாலையின் ஓரம் அரித்துப் பள்ளமாயின், எதிரே லாரி வருங்கால் சைக்கிளில் செல்வோர் ஒதுங்குவது எங்ஙனம்? ஓரங்களுக்கு மண்ணிட்டுச் சமன் செய்தலும் நிழல் மரங்களைக் காத்தலும் அரசாங்கத்தாரின் கடமை. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லையும் வைக்கோலையும் பரப்பிச் சக்கரம் வழுக்கச் செய்யாதிருத்தல் நம் விவசாய அங்கத்தினரின் கடமை. உலர்களம் இல்லாத ஊர்களில் அதனை அமைக்கச் சங்கங்கள் முன்வர வேண்டுமென்பது நமது கருத்து. கிராமச் சாலை பொதுச் சொத்து; கூட்டுறவின் பயனறிந்த நாம் அதனையும் பகிர்ந்துகொள்வோமாக.