பரணில் ஏறிய சலங்கைகள்

என் தங்கையின் பேத்தி மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒன்பது ஆண்டுகள் பரதம் கற்றவள். பிளஸ் 1 வகுப்பில் நீட் பயிற்சியில் சேர்ந்த வாரமே சலங்கை பரணில் ஏறியது. எம்.பி.பி.எஸ். சேர்ந்ததும் எடுத்துக் கொள்ளலாம் என்றார்கள், இன்னும் எடுக்கவில்லை. அவளுடைய வகுப்பில் பாட்டு, மிருதங்கம், சிலம்பம் என்று ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம் என்கிறாள்.

இதை ஒரு முதியவரின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கை 2024-இல் வெளியானது. இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர், தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகக் கூறியுள்ளனர். 5,337 முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் எழுந்திருக்கிறது. தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு இது. எல்லா மாணவர்களுக்கும் இதை அப்படியே பொருத்துவது புள்ளியியல் முறையாகாது. ஆயினும், இதில் பாதி உண்மையாக இருந்தாலே கவலைப்பட வேண்டும்.

2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் இதைக் காணாமல் இல்லை. முதலாண்டின் அடித்தளப் பயிற்சிக்கான 175 மணி நேரத்தில் 22 மணி நேரம் விளையாட்டுக்கும் கலைக்கும் ஒதுக்கப்பட்டது. அதன் பிறகும் சில மணி நேரம் உண்டு. ஆனால், தேர்வு நெருங்கும்போது கால அட்டவணையில் முதலில் காணாமல் போவது அதுதான். மதிப்பெண் இல்லாத எதுவும் நம் கல்லூரிகளில் நிலைப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து கண்டது இது.

ஆண்டு கலைவிழாக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தில்லி எய்ம்ஸின் 'பல்ஸ்', புதுச்சேரி ஜிப்மரின் 'ஸ்பந்தன்' போன்றவை புகழ் பெற்றவை. ஆனால், அவற்றின் உயிர்நாடி போட்டி. மேடையேறுவோர் ஏற்கெனவே தேர்ந்தவர்கள், மற்றவர்கள் கைதட்டுபவர்கள். யாருக்கு அந்த மேடை மிகவும் தேவையோ, அந்த மாணவர் அன்றைக்கும் விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார்.

வேறு வழியும் இங்கே முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. பிரேசில் நாடகாசிரியர் அகஸ்டோ போவால் உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' முறையில், தில்லி மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2011-இல் பயிலரங்கு நடந்தது. அம்முறையில் ஒரு சிறு காட்சி நடித்துக் காட்டப்படும். எடுத்துக்காட்டாக, நோயாளிகளின் முன்னிலையில் பயிற்சி மருத்துவரை மூத்தவர் ஒருவர் அவமதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்வையாளரில் யாரும் 'நிறுத்துங்கள்' என்று சொல்லி மேடையேறி, அந்தப் பயிற்சி மருத்துவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து பார்க்கலாம். பரிசு கிடையாது, நடிப்புத் திறனும் தேவையில்லை. மனநல மருத்துவரிடம் போனால் பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சும் மாணவர், தன் துயரை ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லிவிடுகிறார். நோயாளியாக நடித்தவருக்கோ, கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணுக்கு வெள்ளை அங்கி எப்படித் தெரிகிறது என்பது விளங்குகிறது.

கலை பணிச்சுமைக்கு மருந்தாகாது. முதுநிலை மாணவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்கிறது அந்தப் பணிக்குழு. வாரம் 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு வகுத்த விதியின் கதி தெரிந்ததே. முப்பத்தாறு மணி நேரம் கண் விழித்தவரை நாடகத்துக்கு அழைப்பது கொடுமை. பணி நேரத்தைக் குறைக்காமல் கலை நேரத்தைக் கூட்டும் கல்லூரி, செலவில்லாத ஒன்றைச் செய்து செலவுள்ளதைத் தள்ளிப் போடுகிறது.

இரண்டையும் செய்ய விரும்பும் கல்லூரிக்கு இது பெரிய செலவன்று. அரங்கு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன; தவில், நாகசுரம், பரதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே உண்டு. பகுதி நேர ஊதியத்தில், இரு வாரங்களுக்கு ஒரு மாலை அவர்களை மருத்துவக் கல்லூரிக்கு வரவழைக்கலாம். கோப்பையும் மதிப்பெண்ணும் வேண்டாம். ஆனால், அந்த மாலையில் வகுப்போ, சிறப்புத் தேர்வோ வைப்பதில்லை என்று முதல்வர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். எழுத்தில் இல்லாத மாலையை அடுத்த மாதமே உடற்கூறியல் துறை எடுத்துக்கொள்ளும்.