கண் இமை ஓரத்தில் டாக்டர் என்ன பார்க்கிறார்?

காலையில் எழுந்ததும் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது. 'உடம்பு சூடுதான்' என்று விளக்கெண்ணெய் தடவிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால், இது இமை அழற்சியாக இருக்கலாம்.

கண் மருத்துவர் 'ஸ்லிட் லேம்ப்' கருவியில் இமை ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். முடியில் எண்ணெய்ப் பிசுக்குடன் செதில்கள் ஒட்டியிருந்தால், தலைப்பொடுகுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம். முடியின் அடியைச் சுற்றி வளையம்போல செதில் படிந்திருந்தால், 'டெமோடெக்ஸ்' என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியைச் சந்தேகிப்பார். பிறகு இமையை லேசாக அழுத்துவார். சுரப்பிகள் நன்றாக இருந்தால் சமையல் எண்ணெய்போல தெளிவாகக் கசியும். அடைத்திருந்தால் டூத் பேஸ்ட்போல கெட்டியாக வரும்.

பொதுவாக, வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுத்து, இமை ஓரத்தை மெதுவாகத் துடைக்கச் சொல்வார்கள். இதைத் தினமும் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. இமை அழற்சி பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வரும். ஒரே இமையில் மட்டும் சிவப்பு மாதக்கணக்கில் நீடித்தாலோ, அந்த இடத்தில் முடி உதிர்ந்தாலோ, கட்டி அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அபூர்வமாக அது இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பயாப்சியில்தான் உண்மை தெரியும்.

டாக்டரிடம் போகும் நாளில் கண்ணுக்கு மை வேண்டாம். இமை ஓரம் தெளிவாகத் தெரியட்டும்!