பிறர் எழுத்தைத் திருத்துவோர்

நூலொன்றைக் கையிலெடுத்ததும் அட்டையிலே ஆசிரியர் பெயரைப் பார்க்கிறோம். உள்ளே புரட்டினால் பதிப்பகத்தின் பெயர், அச்சகத்தின் பெயர், அட்டைப்படம் வரைந்தவரின் பெயர் ஆகியனவும் காணப்படும். ஆசிரியரின் பிரதியை வரிவரியாகப் படித்து, மிகையானதை நீக்கும்படி கூறி, குழம்பிய இடத்தைத் தெளிவித்தவர் ஒருவர் இருந்தாராயின், அவருடைய பெயரை மாத்திரம் பெரும்பாலும் காண்பதற்கில்லை. செம்மையாக்கம் என்று இன்று வழங்கும் அத்தொழிலைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன். கதையும் கவிதையும் எழுதும் நம் மாணவர் சிலர், எந்த நிறுவனத்தையும் சாராது இதனையே வருவாய்த் தொழிலாகக் கொள்ளலாமோ என்று வினவத் தொடங்கியிருப்பதே அதற்குக் காரணம்.

ஓமந்தையிலிருந்துகொண்டு இதனைச் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஓமந்தை என்றதும், கண்டி வீதியில் மக்கள் பைகளைத் திறந்து காட்டி வரிசையில் நின்ற சோதனைச் சாவடியே பலருக்கு நினைவுக்கு வரும். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2011 இலேதான் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தது. அது யாழ்ப்பாணத்தை எட்டுவதற்கு 2014 ஆம் ஆண்டாயிற்று. அத்தகைய ஊருக்கு இன்று முந்நூறு பக்க நாவலொன்று கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு நொடியிற் கைத்தொலைபேசி வழியாக வந்து விடுகிறது. ஆகையால் தொழிலுக்கு ஊர் தடையன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது.

ஈழத்தவருக்கு இத்துறை புதியதுமன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர். பின்னர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவர் செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். அவரும் செய்யுள் யாத்தவரே. கட்டளைக் கலித்துறை என்ற நூல் அவருடையது. ஆயினும் தம் கவித்துவத்தைக் கொண்டு சங்கப் புலவரின் அடியை நிரப்ப முற்படுவது பதிப்பாசிரியர் வேலையன்று. ஏடு சிதைந்த இடத்தில் அதனைச் சிதைவு என்றே காட்டுவதுதான் அத்துறையின் நேர்மை.

இன்றைய செம்மையாக்குநருக்கு வேலை ஒரு வகையில் எளிது, மற்றொரு வகையிற் கடினம். இறந்த புலவரை வினவ முடியாது. உயிரோடிருக்கும் ஆசிரியரையோ வினவாது விடலாகாது. தாமும் கதை எழுதும் ஒருவர் இன்னொருவருடைய கதையைத் திருத்த உட்காரும்போது, "இவ்விடத்தை நான் எழுதியிருந்தால்!" என்றொரு நினைவு எழும். அது எழாவிட்டால் அவர் எழுத்தாளர் அல்லர். எழுந்தவுடன் அதற்கு இணங்கிவிட்டாலோ அவர் திருத்துநர் அல்லர். முடிவு சப்பென்றிருக்கிறது என்று ஓரத்திலே குறிப்பெழுதலாம்; தாமே வேறொரு முடிவை எழுதி வைத்தலாகாது.

அமெரிக்க இலக்கிய உலகில் இதன் பொருட்டு எழுந்த வழக்கொன்று இன்னும் தீர்ந்தபாடில்லை. றேமண்ட் காவர் என்னும் சிறுகதையாசிரியரின் தொகுதியொன்று 1981 இல் வெளியாயிற்று. அதனைத் திருத்திய கோர்டன் லிஷ் பிரதியின் பெரும்பகுதியை வெட்டியெறிந்தார். சில கதைகள் பாதிக்கும் குறைவாயின. முடிவுகளும் தலைப்புகளும் மாறின. வெளியீட்டை நிறுத்தும்படி காவர் 1980 இல் உருக்கமான கடிதமொன்று எழுதியும் பயனில்லை. நூல் வெளிவந்தது, புகழும் வந்தது. அந்தப் புகழ் யாருடையது? காவர் 1988 இற் காலமானார். வெட்டப்படாத மூலக் கதைகள் 2009 இலேதான் தனி நூலாயின. லிஷ் கைவைத்த பிரதிகள் இந்தியானாப் பல்கலைக்கழக நூலகமொன்றிற் பேணப்பட்டிருந்தமையாலேயே அது கைகூடிற்று. லிஷ் வெட்டியதால் அக்கதைகள் சிறந்தன என்போர் இன்றும் உளர். சிலவற்றில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆசிரியர் "வேண்டாம்" என்று மன்றாடிய பின்பு நிகழ்ந்த சிறப்பு அது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

நூலகத்திலே தாள் பத்திரமாயிருந்தது என்று படிக்கும்போது நம்மவர்க்கு நெஞ்சு சற்றே கனக்கும். அதே 2009 இல் இந்த வன்னி மண்ணிலே, பதுங்குகுழிகளிலும் பாதையோரங்களிலும் கைவிடப்பட்ட உடைமைகளோடு எத்தனை கொப்பிகள் போயினவோ! போனதை நினைவிலிருந்து மீள எழுதுகின்ற ஒருவரின் பிரதியிலே காலம் முன்பின்னாக மாறியிருக்கும். ஒரு நிகழ்ச்சி இருமுறை வந்திருக்கும். அதனை வெறும் பிழையென்று கொண்டு சிவப்பு மையால் அடிப்பது எளிது. ஒரே நிகழ்ச்சியை ஒருவர் ஏன் இருமுறை சொல்கிறார் என்று வினவிப் பார்ப்பதே திருத்துநரின் கடமை. பல வேளை இரண்டாம் முறை சொன்னதிலேதான் அவர் சொல்ல வந்த செய்தி இருக்கும்.

சொல்லின் கதையும் இத்தகையதே. "அறுவடை முடிந்து சூடு வைத்தார்கள்" என்று நம்மூர் ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிந்த நெற்கதிரைக் குவித்துப் போராக அடுக்குவது இங்கே சூடு வைத்தல். சென்னையிலுள்ள திருத்துநர் இதனைப் படித்தால், யாருக்குச் சூடு வைத்தார்கள் என்று அஞ்சுவார்! "குளம் வான் பாய்ந்தது" என்றால் ஏதோ வானத்தைப் பற்றிய உவமை என்று கருதி எடுத்துவிடவும் கூடும். குளம் நிறைந்து மேலதிக நீர் வழிந்தோடுவதையே நாம் அப்படிச் சொல்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்திலே அதனை மறுகால் பாய்தல் என்பர். காலபோகம், சிறுபோகம், துருசு, அலைகரை என்று குளத்தையும் வயலையும் சுற்றிய சொற்கள் நமக்குப் பல உண்டு. இவற்றையெல்லாம் "எல்லோருக்கும் விளங்கும்" சொற்களாக மாற்றிவிட்டால் கதை நடக்கும், கதை நடக்கும் ஊர் இராது. அ. பாலமனோகரனின் நிலக்கிளி 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தபோது, தண்ணிமுறிப்பு என்னும் சிற்றூரையும் அதன் காட்டையும் குளத்தையும் நாடெங்குமுள்ள வாசகர் கண்டனர். வன்னியின் வாழ்வைப் பொதுவாக்கி எழுதியிருந்தால் அது கிட்டியிருக்குமா?

சென்னையிலும் இதனை உணர்ந்தவர் இருந்தனர் என்பதைச் சொல்லாது விடுவது நியாயமாகாது. 1974 இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பிரதியைச் செம்மைப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பலாகாது என்பதைக் கொள்கையாகவே கொண்டிருந்தார். அவர் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதியின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பிலே இலங்கை வழக்குச் சொற்களும் தனிக் குறியீட்டோடு இடம்பெற்றன. 2020 நவம்பரில், அவ்வகராதியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்த சில நாட்களில் அவர் மறைந்தார். திருத்துநராக விரும்பும் மாணவர் அந்த அகராதியை அருகில் வைத்துக்கொள்வது நலம். சொல் அங்கே இல்லாவிடின், ஆசிரியரின் ஊரில் உள்ள வயோதிபர் ஒருவரிடம் கேட்பது அதனினும் நலம்.

இனி வருவாய். நம் நாட்டிலே தமிழ் நூல் பெரும்பாலும் ஆசிரியரின் கைப்பணத்தில் சில நூறு பிரதிகளாக அச்சாகிறது. அச்சகத்துக்குப் பணம் உண்டு; மண்டபத்துக்கு உண்டு; வெளியீட்டு விழாவிலே சிற்றுண்டிக்கும் பொன்னாடைக்கும் உண்டு. திருத்தியவருக்கோ, "எழுத்துப்பிழை மட்டும் ஒருக்கால் பாருங்கோ" என்ற அன்பான வேண்டுகோளும் முன்னுரையிலே ஒரு வரி நன்றியும். அவ்வன்பை யான் குறைவாக மதிக்கவில்லை; ஆனால் மின்கட்டணம் செலுத்தும் இடத்தில் அது செல்லாது. பாமினி எழுத்துருவிலே தட்டச்சான பழைய பிரதியை யூனிகோட்டுக்கு மாற்றினால் சில எழுத்துகள் உருமாறி நிற்கும். அவற்றைச் சீராக்கவே இரண்டு மூன்று இரவுகள் போய்விடுவதுண்டு. இத்தொழிலை மாத்திரம் நம்பி ஒரு குடும்பத்தை நடத்தலாம் என்று எந்த மாணவருக்கும் யான் சொல்லத் துணியேன். ஆசிரியப்பணி, மொழிபெயர்ப்பு, தட்டச்சு ஆகியவற்றுள் ஒன்றையேனும் துணையாகக் கொள்ளுவதே இப்போதைக்கு உசிதம்.

இறங்குவதாயின் முதலிற் பத்துப் பக்கங்களை மாதிரிக்குத் திருத்திக் காட்டுக. பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசுக, உறவினராயினும் பேசுக. செய்த மாற்றம் ஒவ்வொன்றும் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியும்படி நிறமிட்டு அனுப்புக. சொந்த எழுத்து வேலைக்குக் காலை நேரத்தை ஒதுக்கிக்கொள்க. பகல் முழுவதும் பிறர் நடையிலே தோய்ந்த பின் மாலையில் எழுதினால், எழுதுவது யார் என்று நமக்கே ஐயம் வந்துவிடும். இன்னொன்று: முதன்முதல் வந்த பிரதியை, ஒரு புள்ளியும் மாற்றாமல், வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைத்துவிட்டே வேலையைத் தொடங்குக.