மீந்த சிலிக்கான் டியூப் கல்லாகாமல் இருக்க

பாத்டப் ஓரத்துக்குப் பாதி டியூப் சிலிக்கான் போதும். மீதி அடுத்த தடவைக்குள்ள கல்லாகிடும்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. வேலை முடிந்ததும் கன்னின் அழுத்தத்தை விட்டுவிட்டு, டியூப் மூக்குக்குள் ஒரு நீள ஸ்க்ரூவைத் திருகுங்க. மேலே இறுக்கமா டேப் சுற்றி, தேதி எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. நுனியில் இருப்பது இறுகித் தக்கையாகிடும். அடுத்த முறை ஸ்க்ரூவோடு இழுத்தால் பெரும்பாலும் வந்துடும்.

தண்ணீர் கலந்த அக்ரிலிக் வகை வேற. குளிர்காலத்தில் உறைந்துபோகும் கராஜில் அதை வைக்காதீங்க.

பழைய டியூப்பை முதலில் அட்டையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்க. மறுநாளும் பிசுபிசுன்னு இருந்தா போடவே வேண்டாம். தண்ணீர் சுவருக்குள்ள இறங்கினா, செலவு ஒரு டியூப் விலையோட நிற்காது.