கிழட்டுக் கோழியை விற்பதற்கு முன்

முட்டையை எடுத்தவுடன் அது என் விரல்களுக்கிடையே நசுங்கிவிட்டது. கோது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஈரத் தாளைப் போல ஒரு தோல் மட்டும்தான். "பாதர், இது கிழடாகிப் போச்சு. வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கொண்டு போகப் போறன்" என்றார் அந்தத் தாய். இது நடந்தது 2018 இல், கூனித்தீவுப் பக்கத்து வளவு ஒன்றில். அந்தப் பேடு, 2016 இல் அவர் முகாமை விட்டுத் திரும்பியபோது தறப்பாளோடும் சட்டி பானையோடும் ஓலைக்கூடையில் கொண்டு வந்தது.

2006 இல் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அதன்பின் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் அவர்கள் கழித்த காலத்தை வாசகர்களாகிய உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. 2015 இலும் 2016 இலும் காணி துண்டு துண்டாகத் திரும்பி வந்தபோது வயல் பற்றைக்காடாகக் கிடந்தது. முதல் போகம் அறுக்கும் முன்னரே பல வீடுகளில் பெண்களின் கையில் காசு வந்தது என்றால் அது முட்டைக் காசுதான். ஆகவே ஒரு கோழியை விற்பதா வைத்திருப்பதா என்பது சின்ன விடயமல்ல.

"இரண்டு வயது தாண்டிய பேட்டை வைத்திருப்பது நட்டம்" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இன்று அதைத் திருப்பி எடுத்துக் கொள்கிறேன். அது பண்ணைக் கணக்கு. பண்ணையில் ஒவ்வொரு கோழிக்கும் தினமும் தீன் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். முட்டை குறைந்தால் அன்றே நட்டம் தொடங்கிவிடும். 2022 நெருக்கடியில் தீன் விலை ஏறியபோது பண்ணைகள் எப்படித் தள்ளாடின என்று பார்த்தோம். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. எமது வளவுக் கோழியோ கறையானையும் புல் விதையையும் சோற்றுப் பருக்கையையும் பொறுக்கித் தின்று வாழ்கிறது. அதன் செலவும் வேறு, பயனும் வேறு.

வயது ஏற ஏற முட்டை குறைவது உண்மைதான். ஆனால் கோது மெலிவதற்கு வயது மட்டும் காரணமல்ல. ஊர்க்கோழி முட்டை ஒன்றின் கோது ஏறத்தாழ 4 கிராம். அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதில் ஒன்றரைக் கிராமளவு கல்சியம் இருக்கிறது. நெல்லிலும் உடைந்த அரிசியிலும் கல்சியம் மிக மிகக் குறைவு. தவிட்டில் உள்ள சத்து ஒன்று, இருக்கிற கல்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக் கொள்கிறது. எனவே கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கோது கட்டுகிறது. இளம் பேடு இதைச் சமாளித்துவிடும். வயதான பேட்டின் குடல் கல்சியத்தை முன்போல் உறிஞ்சுவதில்லை. முட்டையோ முன்னதைவிடப் பெரிதாகிறது. அதே அளவு சாந்தை அகலமான சுவரில் பூசுவது போலத்தான், பூச்சு மெல்லியதாகிவிடுகிறது.

இதற்கு மருந்து கடையில் இல்லை, கரையில் கிடக்கிறது. கொட்டியாரக் குடாவைச் சுற்றி மட்டியும் சிப்பியும் தின்று எறிந்த ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. தம்பலகாமக் குடாவில் 19 ஆம் நூற்றாண்டில் முத்துக்காகவே சிப்பி குளித்தார்கள். முத்தைக் கொண்டு போனவர்கள் ஓட்டை எமக்கு விட்டுப் போனார்கள் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. ஓடுகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவி உப்பைப் போக்குங்கள். வெயிலில் காயவைத்து, உடைத்த பயறு அளவுக்கு இடியுங்கள். மாவாக்க வேண்டாம். கோது கட்டப்படுவதற்கு ஏறக்குறைய 20 மணித்தியாலம் செல்கிறது. அதில் பெரும்பகுதி இரவு வேலை. பருமனான துண்டு இரைப்பையில் மெல்லக் கரைந்து இரவு முழுவதும் கல்சியம் கொடுக்கும். தீனோடு கலக்காமல் ஒரு சிரட்டையில் தனியே வையுங்கள். தேவையான பேடு தானே வந்து கொத்தும், பெரும்பாலும் மாலையில். முட்டையிடாத குஞ்சுகளுக்கு அதிக கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வாயும் தொண்டையும் வெந்துவிடும். முருகைக்கல்லை உடைக்கவும் போகாதீர்கள், அது சட்டவிரோதம். வீட்டு முட்டைக் கோதையும் வறுத்து இடித்துக் கொடுக்கலாம். முழுக் கோதாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

வெயிலும் நிழலும் இரண்டும் வேண்டும். காலை வெயில் படாத கோழிக்கு விற்றமின் டி போதாது. அது இல்லாமல் சிப்பி தின்றும் பயனில்லை. நாள் முழுவதும் தகரக் கூட்டில் அடைத்து வைத்தால் இதுதான் நடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் கோழி வாய் பிளந்து இளைக்கிறதல்லவா? அந்த இளைப்பிலும் கோது மெலிகிறது. வேப்பமர நிழலும் மண்சட்டியில் தண்ணீரும் போதும். இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நிற்பது இயல்பு. இரண்டு மாதமளவு பொறுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். ஒரு கிழட்டுப் பேடு மட்டும் மெல்லிய முட்டை இட்டால் அது வயதும் கல்சியமும். வளவுக் கோழிகள் எல்லாம், இளையவை உட்பட, ஒரேயடியாகச் சுருக்கம் விழுந்த முட்டையும் தோல் முட்டையும் இடத் தொடங்கினால், அதோடு மூச்சு இரைச்சலோ பச்சைக் கழிச்சலோ கண்டால், அது நோய், ராணிக்கெட்டாகவும் இருக்கலாம். அப்போது சிப்பியோடு மினக்கெடாமல் அன்றே அரசாங்க மிருக வைத்தியரிடம் போங்கள். அந்தக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டு போனால் நோய் அடுத்த ஊருக்கும் போய்விடும்.

கிழட்டுப் பேட்டின் பெரிய பயன் அடைகாப்பது. நிறுவனங்கள் பகிர்ந்தளிக்கும் கலப்பினக் கோழிகளில் பெரும்பாலானவை அடைகிடப்பதில்லை. கீரியையும் பருந்தையும் கண்டு ஒளியத் தெரியாதவை. பல தடவை குஞ்சு வளர்த்த பேட்டுக்கு இதெல்லாம் தெரியும். எருசலேமுக்காகக் கண்ணீர் விட்ட ஆண்டவர் தம்மை ஒப்பிட்டதும் சிறகுக்குள் குஞ்சுகளைச் சேர்க்கும் கோழிக்குத்தான். மெல்லிய கோதுள்ள முட்டையை அடைவைக்காதீர்கள். ஈரம் வற்றிக் கரு செத்துவிடும். இளம் பேடுகளின் முட்டையைக் கிழட்டுக் கோழிக்குக் கீழே வையுங்கள். 21 நாளில் உங்கள் அடுத்த கோழிக்கூட்டம் கையில் இருக்கும்.

வயிறு வீங்கி, நிமிர்ந்து தள்ளாடி நடக்கும் பேட்டுக்கு இதெல்லாம் உதவாது. அதை நோகவிடாமல் முடித்து விடுவதே இரக்கம். நான் எந்தக் கோழியையும் சாகும்வரை வைத்திருக்கச் சொல்லவில்லை.

எமது அலுவலகம் உட்பட, கோழி பகிர்ந்தளிக்கும் அனைவரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு வீட்டுக்குப் பத்துக் குஞ்சு கொடுப்பதற்குமுன் அங்கே ஏற்கெனவே நிற்கும் கோழியைப் பாருங்கள். ஒரு பை இடித்த சிப்பியும் நேரத்துக்கு ஒரு தடுப்பூசியும் அந்தப் பத்தைவிட மலிவு.

கூனித்தீவுத் தாய் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகவில்லை. இரண்டு கிழமை கழித்து நான் போனபோது அந்தப் பேடு கிழமைக்கு இரண்டு முட்டைதான் இட்டுக் கொண்டிருந்தது. ஆனால் கையில் எடுத்தால் உடையவில்லை.